அடுப்புக்கு ஒரு இடம் கொடுங்க

"இங்கு சமைக்கக் கூடாது" என்று போர்டு வைக்கிறது ரொம்பச் சுலபம். ஒரு தகரம், கொஞ்சம் சிவப்புப் பெயிண்ட், ரெண்டு கம்பி. வேலை முடிஞ்சது. ஆனா அந்த போர்டைத் தாண்டி அம்பதடி நடந்து பாருங்க. மூணு கல்லு, நடுவுல சாம்பல், பாதி எரிஞ்ச வேப்பங்கொப்பு, பக்கத்துல நாலஞ்சு எச்சித்தட்டு கிடக்கும். போர்டு இருக்கிற இடத்துல எல்லாம் இந்தக் கதைதான்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். ஊர்விட்டு ஊர் போற ஜனம் வழியில சமைக்கும். நேத்தும் சமைச்சது, நாளைக்கும் சமைக்கும். அதைத் தடுக்க எந்த போர்டாலயும் முடியாது. அதனால ரோட்டோரத்துல, கோயில் பக்கத்துல, ஆத்தங்கரையில பொதுவா ஒரு கரியடுப்பு கட்டி, ஒரு தண்ணிக் குழாயும் போட்டு விடுங்க. இதைச் சொன்னா டவுன்ல இருக்கிற படிச்சவங்க, "என்னண்ணே, கக்கூஸ் கேட்டாலும் நியாயம், அடுப்பெல்லாமா கேப்பாங்க?"ன்னு சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது.

சமயநல்லூர் எங்கே இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: மதுரையிலிருந்து திண்டுக்கல் போற நாலுவழிச்சாலையில, பரவை தாண்டினதும் வர்ற ஊர். காஷ்மீரத்துல ஆரம்பிச்சு கன்னியாகுமரியில முடியுற தேசிய நெடுஞ்சாலை 44 எங்க ஊரு வழியாத்தான் போகுது. அதனால ஊர்ல உக்காந்த இடத்துலயே இந்தியாவைப் பார்க்கலாம். கார்த்திகை பொறந்தா மாலை போட்ட சாமிமார் வேன்கள். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் கிளம்பி பழனி, மதுரை, ராமேஸ்வரம், சபரிமலைன்னு ஒரு சுத்து சுத்துவாங்க. தை மாசம் பழனிக்குப் பாதயாத்திரை. சித்திரையில அழகரைப் பார்க்கப் போற கூட்டம். ஆடி மாசம் குலசாமி கும்பிடப் போற குட்டியானை வண்டிகள், பின்னாடி ஒரு கிடாயும் ஒரு அண்டாவும்.

இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வண்டியிலேயே அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் வச்சிருப்பாங்க. "ஹோட்டல்ல சாப்பிட வேண்டியதுதானே?" என்பீங்க. சரி, கணக்குப் போடுங்க. ஒரு வேன்ல இருபது பேரு. எட்டு நாள் பயணம். மூணு வேளை. கட்டட வேலைக்குப் போறவரு வருஷம் பூரா சேத்து வச்ச காசு அது. அதுல பாதி நெடுஞ்சாலை ஹோட்டல் கல்லாவுக்குப் போயிடும். அம்மா உணவகத்துல மலிவாக் கிடைக்கும், வாஸ்தவம். ஆனா அது ஊருக்குள்ள இருக்கு. வேன் நிக்கிறது ஊருக்கு வெளியே.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். மாலை போட்டவங்களுக்கு விரதம். கறி வெந்த சட்டியில வெந்த சாதம் அவங்களுக்கு ஆகாது. குலசாமிக்குப் போறவங்களுக்குச் சமையல்தான் சாமி கும்பிடுறதே. பொங்கல் வைக்காம எந்தக் குலசாமியைக் கும்பிட முடியும்? மதுரை பாண்டி கோயிலுக்குக் கிடா கொண்டு போறவங்க அங்கேயே வெட்டி, அங்கேயே ஆக்கி, சொந்தபந்தத்தோட உக்காந்து தின்னுட்டுத்தான் வருவாங்க. பார்சல் வாங்கிப் படைக்கிற வழக்கம் இன்னும் வரலை. ஆக, இது சிக்கனம், விரதம், நேர்த்திக்கடன் மூணும் சேர்ந்த விஷயம். "கூடாது"ன்னு ஒரு வார்த்தையில துடைச்சுப் போட முடியாது.

முன்னாடி இருந்தவங்களுக்கு இது புரிஞ்சிருந்தது. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற மங்கம்மாள் சத்திரத்தை எல்லாருக்கும் தெரியும். ராணி மங்கம்மாள் ஆண்டது 1689-லிருந்து 1706 வரைக்கும். சாலை போட்ட அம்மா, சாலையில நடக்கிறவனுக்குத் தங்க இடமும் வேணும், பசிக்குச் சோறும் வேணும்னு யோசிச்சுச் சத்திரம் கட்டினாங்க. எங்க பக்கத்து ஊரு தேனூர். அழகர் முன்னாடி அந்தத் தேனூர் பக்கம்தான் ஆத்துல இறங்கினாருன்னும், திருமலை நாயக்கர் காலத்துலதான் திருவிழா மதுரைக்கு மாறிச்சுன்னும் எங்க பெரியவங்க சொல்லுவாங்க. அந்தக் காலத்துல மாட்டு வண்டி கட்டி வந்த சனம் ஆத்து மணல்லயே கல்லைக் கூட்டி சோறாக்கிச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எந்திரிச்சது. இன்னைக்கு நாலு வழியா ரோடு போட்டாச்சு. சுங்கச்சாவடி கட்டியாச்சு. வண்டிக்குப் பெட்ரோல் போட இடமிருக்கு, காத்துப் பிடிக்க இடமிருக்கு. மனுசன் ஒரு உலை வைக்க மட்டும் இடமில்லை.

இடமில்லாட்டி என்ன நடக்கும்? மதுரைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஆகஸ்ட் 26. விடியக்காலை. மதுரை ரயில்வே யார்டுல நிறுத்தி வச்சிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடிச்சு எரிஞ்சது. லக்னோவிலிருந்து கோயில் குளம் பார்க்கக் கிளம்பி வந்தவங்க. ஒன்பது பேர் செத்துப் போனாங்க. பெட்டிக்குள்ள சட்டத்துக்கு விரோதமாக் கொண்டு வந்த காஸ் சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொன்னது. எங்க ஊரு ஸ்டேஷனுக்கும் மதுரை ஜங்ஷனுக்கும் நடுவுல கூடல்நகர் ஒண்ணுதான். அவ்வளவு பக்கம்.

ரயில் பெட்டிக்குள்ள சிலிண்டர் கொண்டு போனது தப்பு. சட்டம் சரி. அதைக் கடுமையா அமல்படுத்தணும். இதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. ஆனா சட்டத்துக்குப் பக்கத்துல ஒரு கேள்வியும் நிக்குது. நாள்கணக்கா ஊர் ஊராப் போற கூட்டம், வீட்டுச் சாப்பாடு வேணும்னு நினைக்கிற வயசானவங்க நிறைஞ்ச கூட்டம், ஒரு ஸ்டேஷன்ல மணிக்கணக்கா நிக்கும்போது பெட்டியை விட்டு இறங்கி, பத்திரமான ஒரு இடத்துல டீ போட்டு, நாலு சப்பாத்தி சுட்டுக்க நாம எங்கேயாவது வசதி வச்சிருக்கோமா? "உள்ளே பத்த வைக்காதே"ன்னு சொல்றவன், "வெளியே இங்கே பத்த வை"ன்னும் சொல்லணும். ரெண்டாவது பாதியைச் சொல்லாத தடை பாதித் தடைதான். சனம் ஒளிஞ்சு செய்யும். ஒளிஞ்சு பத்த வைக்கிற அடுப்புதான் உலகத்துலயே ஆபத்தான அடுப்பு.

இதைப் படிக்கிற பட்டணத்து நண்பர்கள்கிட்ட இப்போ நேராவே பேசுறேன், கோவிச்சுக்காதீங்க.

நீங்க லீவுக்கு ரிசார்ட் போறீங்க. அங்கே ராத்திரி "பார்பிக்யூ நைட்"னு ஒண்ணு வைக்கிறான். ஒரு இரும்புத் தொட்டி, அதுல கொஞ்சம் கரி, மேலே கம்பி வலை, அதுமேல ஊற வச்ச கோழி. அதுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு வாங்குறான். நீங்களும் போட்டோ எடுத்துப் போடுறீங்க. நல்லா இருக்கட்டும், வேணாம்னு சொல்லலை. மறுநாள் கார்ல திரும்பி வரும்போது ரோட்டோரப் புளியமரத்தடியில ஒரு குடும்பம் மூணு கல்லு வச்சு அதே கோழியை வேக வச்சுக்கிட்டிருந்தா, "ச்சே, எப்படி அசிங்கம் பண்றாங்க பாரு"ங்கிறீங்க. கரி ஒண்ணு, நெருப்பு ஒண்ணு, கோழி ஒண்ணு. சுவர் கட்டி ரசீது கொடுத்தா அது அனுபவம். சுவரும் ரசீதும் இல்லாட்டி அது அசிங்கமா?

வெளிநாட்டை உதாரணம் காட்டினாத்தான் நம்ம ஆளுக நம்புவாங்கன்னா, அதையும் சொல்றேன். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுல கடற்கரையோரமா வரிசையாக் கரியடுப்பு கட்டி வச்சிருக்கு. தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்குது. ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டு, கரியும் கறியும் நாமளே கொண்டு போகணும். அங்கே வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளும் லீவு நாள்ல அங்கேதான் கூடிச் சுட்டுச் சாப்பிடுதுக. ஆஸ்திரேலியாவுல பார்க்குக்குப் பார்க்கு பொத்தானை அமுக்கினாச் சூடாகிற தகட்டடுப்பு இருக்கு, பெரும்பாலும் இலவசம். அமெரிக்கப் பூங்காக்கள்ல ஒத்தைக் காலு நட்டு, அதுமேல ஒரு இரும்புப் பெட்டி. அவ்வளவுதான் அடுப்பு. பணக்கார நாட்டுக்காரனுக்குப் பொது அடுப்பு கௌரவக் குறைச்சலா இல்லை. அண்டாவைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்துற நமக்கு மட்டும் ஏன் இருக்கணும்?

சரி, எதிர்ப்பேச்சுக்கு வருவோம். நான் கேட்டது மூணு.

ஒண்ணு, "குப்பை போடுவாங்க." இப்போ போடலையா? இடம் ஒண்ணு இருந்தா குப்பையும் ஒரு இடத்துல விழும், அள்ளுறவங்களுக்கு வேலை சுலபம். இப்போ பத்து கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கு. என் வயல் வரப்புலேயே நான் பொறுக்கின பிளாஸ்டிக் டம்ளருக்குக் கணக்கில்லை.

ரெண்டு, "குடிகாரனுக்கு வசதியாப் போயிடும்." குடிக்கிறவனுக்கு அடுப்பு தேவையில்லைங்க. ஒரு மறைவு போதும். பொது அடுப்பை மறைவுல கட்டாதீங்க. பெட்ரோல் பங்க் பக்கம், போலீஸ் பூத் பக்கம், விளக்கு வெளிச்சத்துல கட்டுங்க. நாலு குடும்பம் சமைக்கிற இடத்துல குடிகாரன் உக்கார மாட்டான்.

மூணு, "தீப்பிடிக்கும்." இதுதான் நியாயமான பயம். காட்டுக்குள்ள அடுப்பே கூடாது, அழகர்மலையானாலும் சரி, சிறுமலையானாலும் சரி. ஆனா காட்டுல கூடாதுன்னா அடிவாரத்துல வேணும். மரத்தடியில மூணு கல்லு வச்சு வெறகு எரிச்சா என்ன ஆகும்னு விவசாயிகிட்ட கேளுங்க. அடிமரத்துப் பட்டை ஒரு பக்கம் வெந்துபோகும். அடுத்த வருஷமும் அதே இடத்துல வேற வேன்காரன் பத்த வைப்பான். நாலஞ்சு வருஷத்துல அந்தப் பக்கம் பொந்து விழுந்து, ஒரு காத்துல மரம் சாயும். ரோடு போட்டப்ப வெட்டினது போக மிச்சமிருக்கிற புளியமரங்களை இப்படியும் இழந்துக்கிட்டிருக்கோம். இடுப்புயரத் திண்டு மேல, மூணு பக்கம் செங்கல் சுவருக்குள்ள இருக்கிற கரி எந்த மரத்தையும் சுடாது.

அப்படி ஒண்ணு கட்ட கோடிக்கணக்குல டெண்டர் விடணுமா? எங்க தோப்பு ஓரத்துல, பம்புசெட்டுக்குப் பக்கத்துல நானே ஒண்ணு கட்டியிருக்கேன். பழைய செங்கல், ஒரு மூட்டை சிமென்ட், ரெண்டு கூடை மண்ணு, ஒரு கொத்தனாரு, ஒரு சித்தாள், ஒரு நாள் வேலை. மேலே போட இரும்புக் கம்பியில பத்த வச்ச சட்டம். ஒரு எச்சரிக்கை: வேலிக்குப் போடுற வெள்ளை வலையை அடுப்புக்குப் போடாதீங்க. அது துத்தநாகம் பூசினது, சூட்டுல வர்ற புகை உடம்புக்கு ஆகாது. வெறும் இரும்பு போதும். காத்து வர்ற பக்கம் சுவர் இருக்கட்டும், கீழே சாம்பல் விழ ஒரு குழி விடுங்க.

மார்கழியில வேன் நிறுத்தி, "சாமி, கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்கலாமா?"ன்னு கேட்டு வர்றவங்களுக்கு அந்த அடுப்பையும் காட்டுவேன். "சாமி, இதுல ஆக்குங்க, மரத்தடி வேணாம்"னு சொன்னா ஒருத்தர்கூட மறுத்ததில்லை. போகும்போது கூட்டிப் பெருக்கிட்டுத்தான் போறாங்க. இடம் கொடுத்தா மனுசன் ஒழுங்கா இருப்பான்னு நான் சொல்றது புத்தகத்துல படிச்சதில்லை.

"இப்படிக் கட்டின அடுப்புல என்னத்தைச் சமைக்க முடியும், ருசியா இருக்குமா?"ன்னு கேக்கிறவங்களுக்கு அடுத்த பாடம்.

முதல் விஷயம், பொறுமை. கரி பத்தினதும் கோழியைத் தூக்கிப் போடாதீங்க. சுவாலை அடங்கணும். கரி மேல வெளுத்த சாம்பல் பூக்கிற வரைக்கும் இருபது, இருபத்தஞ்சு நிமிசம் விடுங்க. சமைக்கிறது கங்கு, சுவாலை கரிய மட்டும்தான் வைக்கும். ரெண்டாவது, கங்கு எல்லாத்தையும் ஒரு பக்கமாக் குவிங்க. ஒரு பக்கம் அனல், ஒரு பக்கம் இளஞ்சூடு. அனல் பக்கம் மேல்தோல் சிவக்கணும், இளஞ்சூட்டுப் பக்கம் உள்ளே வேகணும். வலைக்கு மேல அரையடி உயரத்துல உள்ளங்கையைக் காட்டுங்க. ரெண்டு மூணு எண்றதுக்குள்ள கையை இழுத்தீங்கன்னா நல்ல அனல். ஆறு வரைக்கும் தாங்கினா இளஞ்சூடு. இதைவிட நல்ல தெர்மாமீட்டர் கிடையாது.

கண்மாய் மீனு, ஜிலேபிக் கெண்டையோ விராலோ, கீறிவிட்டு கல்லுப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகு, எலுமிச்சை. அவ்வளவு போதும். மிளகாப்பொடியை அள்ளி அப்பினா மீன் வேகறதுக்கு முன்னாடி பொடி தீய்ஞ்சு கசக்கும். எண்ணெயை மீன் மேல தடவுங்க. போட்ட உடனே புரட்டாதீங்க. தோல் வெந்தா அதுவா வலையை விட்டு வரும், வரலைன்னா இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம். நாட்டுக்கோழின்னா முதல்ல மஞ்சத்தண்ணியில அரைவேக்காடு வேக வச்சுட்டுச் சுடுங்க, இல்லாட்டி பல்லுக்குத்தான் வேலை.

விரதக்காரங்களுக்குக் குறையே இல்லை. கத்தரிக்காயை முழுசாப் போட்டுத் தோல் கருகற வரைக்கும் சுட்டு, உரிச்சுப் பிசைஞ்சு, உப்பு, புளித்தண்ணி, பச்சை மிளகா சேர்த்தா ஒரு குண்டான் சோறு இறங்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சாம்பல்ல புதைச்சுட்டு மறந்துடுங்க, அரை மணி கழிச்சு எடுத்தா அல்வா. அப்பளத்தைக் கங்குல வாட்டினா எண்ணெயே வேணாம். உலையும் இதுலயே வைக்கலாம். வெறகு மாதிரிக் கரி சட்டி அடியைக் கருப்பாக்காது, கண்ணும் எரியாது.

ஒரே ஒரு கண்டிப்பு. கரியடுப்பு வானத்துக்குக் கீழேதான் இருக்கணும். கங்கு இருக்கிற தொட்டியை ரூமுக்குள்ளயோ, வேனுக்குள்ளயோ, கூடாரத்துக்குள்ளயோ வைக்கவே கூடாது. வாசம் இல்லாத விஷக்காத்து அது, தூக்கத்துலயே ஆளைக் கொன்னுடும். 2024-ல கொடைக்கானல்ல கரியடுப்பை அறைக்குள்ள வச்சுத் தூங்கின ரெண்டு இளைஞர்கள் அப்படித்தான் செத்தாங்க. வெளியே விளக்கு வெளிச்சத்துல ஒரு பொது அடுப்பும், அதுக்குப் பக்கத்துல இந்த எச்சரிக்கையும் எழுதி வச்சிருந்தா, எத்தனை பேர் படிச்சிருப்பாங்க! போர்டு வைக்கணும்னு அவ்வளவு ஆசைன்னா இதை எழுதி வைங்க. கிளம்பும்போது கங்குல தண்ணி ஊத்தி, கிளறி, திரும்பவும் ஊத்தணும். கை வச்சாச் சுடுற வரைக்கும் அடுப்பு அணையலைன்னு அர்த்தம்.

கரிக்கு எங்கே போறது? இதுதான் எனக்குச் சிரிப்பு வர்ற கேள்வி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் போய்ப் பாருங்க. சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி ஆக்கி லோடு லோடா வெளியூருக்கு அனுப்புறாங்க. நம்ம கண்மாயைப் பாழாக்கின மரம். 2017-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வெட்டித் தள்ளச் சொன்னதே, ஞாபகம் இருக்கா? அந்தக் கரியைத்தான் யாரோ அழகான பையில அடைச்சு "பார்பிக்யூ சார்கோல்"னு உங்ககிட்ட விக்கிறாங்க. அதையே நம்ம மகளிர் குழு அக்காமார் ரெண்டு கிலோப் பொட்டலமாக் கட்டி அடுப்புப் பக்கத்துல வித்தா, அவங்களுக்கு வருமானம், அடுப்பைக் கூட்டிப் பெருக்க ஆளு, கண்மாய்க்கு விடுதலை, ரோட்டோர மரத்துக்கு ஆயுசு. தேங்காச் சிரட்டையும் சேர்த்துக்கலாம், எங்க தோப்புல சும்மாதான் கிடக்கு.

ஆக, கேக்கிறது பெருசா ஒண்ணுமில்லை. நெடுஞ்சாலையில லாரி நிக்கிற இடத்துல நாலு அடுப்பு. பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல யார்டுக்கு வெளியே, ஆள் காவலோட ஒரு சமையல் கொட்டகை. மலையடிவாரத்துல பத்து அடுப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குழாய், ஒரு குப்பைத்தொட்டி, ஒரு விளக்கு. சத்திரம் கட்டின மண்ணுக்கு இது ஒரு செலவா?

அடுத்த கிராம சபையில எங்க பஞ்சாயத்துல இதுக்கு மனு கொடுக்கப் போறேன். பட்டணத்துல இருந்தாலும் உங்களுக்கும் ஒரு ஊரு இருக்கும், ஒரு குலசாமி இருக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எப்படியும் லீவு நாள்தான். ஊருக்குப் போயி ஒரு மனு எழுதிக் கொடுங்க. எழுதத் தெரியாத சனம்தான் ரோட்டோரத்துல சமைக்குது. எழுதத் தெரிஞ்ச நீங்க அவங்களுக்காக ஒரு பக்கம் எழுதினா, கை தேய்ஞ்சு போகாது.